உலகம் அழிந்தால் உனக்கு என்ன?

மலை அடிவாரத்தில் இருக்கிறது மகாராஜபுரம்.

வத்திராயிருப்பில் இருந்து சதுரகிரிக்குப் போகிற பக்தர்கள் இந்த ஊர் வழியாகத்தான் தாணிப்பாறைக்குப் போவார்கள். ஊரைச் சுற்றித் தென்னந்தோப்பு. மேற்கே பார்த்தால் மலை. மழை பெய்தால் கண்மாய் நிரம்பும். கண்மாய் நிரம்பினால் வயிறு நிரம்பும்.

அங்கே கண்மாய்க் கரையில் ஒரு பெரியவரைப் பார்த்தேன். எழுபது வயதைத் தாண்டியவர். தலையில் துண்டு. கையில் கடப்பாரை. பக்கத்தில் ஒரு சாக்கு. சாக்கு நிறையப் பனங்கொட்டை!

குழி தோண்டுவார். ஒரு கொட்டையைப் போடுவார். மண்ணைத் தள்ளிக் காலால் மிதிப்பார். நாலு அடி தள்ளி அடுத்த குழி.

"ஐயா, இது காய்க்க எத்தனை வருஷம் ஆகும்?" என்று கேட்டேன்.

"பதினஞ்சு வருஷமாவது ஆகும், தம்பி. இருபதும் ஆகும்."

"அப்படியானால் உங்களுக்கு...?"

நான் முடிக்கவில்லை. அவர் சிரித்துவிட்டார்.

"தென்னை வச்சவன் தின்னுட்டுச் சாவான், பனை வச்சவன் பாத்துட்டுச் சாவான்னு சொல்லுவாங்க. நான் பாப்பேனோ என்னமோ! ஆனா என் பாட்டன் வச்ச பனையில நான் நுங்கு தின்னிருக்கேன். அந்தக் கடனை யாருக்குத் திருப்பிக் கொடுக்கிறது? பாட்டனுக்கா? அவர்தான் போயிட்டாரே! அதான் முன்னால வர்றவனுக்குக் கொடுக்கிறேன்."

நான் இந்தப் பக்கம் வந்தது பனங்கொட்டையைப் பார்ப்பதற்கு அல்ல. வேறு ஒரு கேள்வியோடு வந்தேன்.

மனித குலம் பூண்டோடு அழிந்துவிடாமல் தடுக்க வேண்டும் என்று சிலர் பாடுபட்டார்கள். பணத்தை விட்டார்கள். பதவியை விட்டார்கள். சிலர் தள்ளாத வயதில் கடல் கடந்து போனார்கள். அவர்களுக்கு என்ன வந்தது? அழியப்போவது என்றால் எல்லாரும்தானே சேர்ந்து அழியப்போகிறோம்? அவர்கள் மட்டும் ஏன் தூக்கம் இல்லாமல் தவித்தார்கள்?

இந்தக் கேள்விக்கும் இந்த வட்டாரத்துக்கும் ஒரு சம்பந்தம் உண்டு.

அணுவை அறிந்த வத்திராயிருப்புக்காரர்

பக்கத்து ஊரான வத்திராயிருப்பில் 1898-ம் ஆண்டு டிசம்பர் 4-ந்தேதி ஒரு குழந்தை பிறந்தது. அந்தக் குழந்தைதான் பின்னாளில் சர் கே.எஸ்.கிருஷ்ணன்.

வத்திராயிருப்பிலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் படித்தார். பிறகு மதுரை, சென்னை. அதன் பிறகு கல்கத்தாவுக்குப் போய் சர் சி.வி.ராமனோடு சேர்ந்தார். 1928-ல் உலகமே வியந்த "ராமன் விளைவு" கண்டுபிடிக்கப்பட்டபோது, ராமனுக்குத் தோள் கொடுத்தவர் இந்தக் கிருஷ்ணன்தான்.

சுதந்திரம் வந்தது. 1948-ல் இந்திய அணுசக்திக் கமிஷன் அமைக்கப்பட்டது. அதில் இருந்தவர்கள் மூன்றே பேர். தலைவர் ஹோமி பாபா. மற்ற இருவர் சாந்தி ஸ்வரூப் பட்நாகரும், நம் வத்திராயிருப்பு கிருஷ்ணனும்!

கண்மாய்த் தண்ணீரில் நீந்தி வளர்ந்த ஊர்ப் பையன், அணுவின் கதவைத் திறக்கும் அறையில் போய் உட்கார்ந்தார். அவர் பிறந்த ஊரைப் பார்க்கத்தான் வந்தேன். வந்தவன் அப்படியே மகாராஜபுரம் வரை நடந்துவிட்டேன்.

டீக்கடை ஒன்று இருந்தது. நாலைந்து பேர் உட்கார்ந்து இருந்தார்கள். என் கேள்வியை அவர்களிடம் போட்டேன்.

"உலகத்தில் மனுஷனே இல்லாமல் போகாமல் தடுக்க வேண்டும் என்று சிலர் பாடுபடுகிறார்கள். அது தேவையா?"

"கலியுகம் முடிஞ்சா அழிய வேண்டியதுதானே? அதை யாரு தடுக்கிறது?" என்றார் ஒருவர்.

பக்கத்தில் இருந்தவர் விடவில்லை. "ஏம்பா, கலியுகம் 4 லட்சத்து 32 ஆயிரம் வருஷம். பஞ்சாங்கத்தைப் பாரு. இன்னும் 5 ஆயிரத்துச் சொச்சம்தான் ஆயிருக்கு. அதுக்குள்ள என்ன அவசரம்?"

எல்லாரும் சிரித்தார்கள்.

"நான் போன பிறகு என்ன நடந்தா எனக்கென்ன?" என்றார் ஒரு வேன் டிரைவர். சொல்லிவிட்டு, மகளைப் பள்ளிக்கூடத்தில் இருந்து அழைத்து வர நேரமாகிவிட்டது என்று எழுந்து போனார்!

ஒரு பாட்டி, வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னதுதான் எனக்கு மறக்கவில்லை.

"எல்லாரும் போயிட்டா, ஆடிப்பூரத்துக்கு ஆண்டாள் தேரை யாரு இழுப்பா?"

ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் 11 நிலை கொண்டது. 192 அடி உயரம். அதைக் கட்டியவர்கள் மண்ணோடு மண்ணாகிவிட்டார்கள். ஆனால் அண்ணாந்து பார்க்க ஆள் இருக்கிறது. ஆள் இல்லாவிட்டால்? கோபுரம் நிற்கும். அது கோபுரம் என்று சொல்ல யாரும் இருக்கமாட்டார்கள்.

பாட்டிக்கு அது புரிந்து இருக்கிறது.

சாம்பல் மழை

மனிதன் தன் கையாலேயே தன் இனத்தை அழித்துக்கொள்ள முடியும் என்ற பயம் உலகத்துக்கு வந்தது எப்போது?

1945-ல் ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் அணுகுண்டு விழுந்தது. இரண்டு நகரங்கள் நாசமாயின. ஆனாலும், "குண்டு விழுந்த இடத்தில்தான் ஆபத்து. நாம் தூரத்தில் இருக்கிறோம்" என்று பலர் நினைத்தார்கள்.

அந்த நினைப்பைப் பொசுக்கியது 1954-ம் ஆண்டு மார்ச் 1-ந்தேதி.

பசிபிக் மகா சமுத்திரத்தில் பிகினி என்ற பவளத் தீவு. அங்கே அமெரிக்கா ஒரு ஹைட்ரஜன் குண்டை வெடித்துச் சோதனை செய்தது. 60 லட்சம் டன் வெடிமருந்துக்குச் சமமாக வெடிக்கும் என்று விஞ்ஞானிகள் கணக்குப் போட்டு இருந்தார்கள். கணக்கு தப்பிவிட்டது! ஒன்றரைக் கோடி டன் அளவுக்கு வெடித்தது. ஹிரோஷிமா குண்டைப்போல் சுமார் ஆயிரம் மடங்கு!

தடை செய்த எல்லைக்கு வெளியே ஒரு ஜப்பானிய மீன்பிடிப் படகு நின்றது. அதில் 23 மீனவர்கள். விடியும் முன்பே மேற்கே ஒரு வெளிச்சம். சூரியன் மேற்கே உதிக்கிறதா என்று திகைத்தார்கள்.

சில மணி நேரம் கழித்து, வானத்தில் இருந்து வெள்ளைச் சாம்பல் கொட்டியது. பொடியாகிப்போன பவளப் பாறை அது. தலையில் விழுந்தது. கண்ணில் விழுந்தது. நாக்கில் வைத்துப் பார்த்தவரும் உண்டு. அது நஞ்சு என்று யாருக்குத் தெரியும்?

பக்கத்து ரோங்கெலாப் தீவில், குழந்தைகள் அந்தச் சாம்பலில் விளையாடினார்கள்!

படகு ஊர் திரும்பியது. மீனவர்களின் தோல் வெந்தது. முடி கொட்டியது. படகில் ரேடியோ பார்த்தவர் குபோயாமா. அவருக்கு வயது 40. மனைவியும் பெண் குழந்தைகளும் இருந்தார்கள். 1954 செப்டம்பர் 23-ந்தேதி அவர் இறந்தார். அணுகுண்டுக்குப் பலியாகிறவர்களில் தானே கடைசி ஆளாக இருக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை.

அந்தப் படகின் மீன் சந்தைக்குப் போய்விட்டது. ஜப்பான் பூராவும் பீதி! மீன் வாங்க ஆள் இல்லை.

டோக்கியோ நகரில் சுகினாமி என்று ஒரு பகுதி. அங்கே வீட்டுப் பெண்கள் படிப்பதற்கும் பேசுவதற்கும் கூடுவார்கள். மீன் கடைக்காரர் மனைவி ஒருவர் கூட்டத்தில் எழுந்தார். எங்கள் பிழைப்பே போய்விட்டதே, இதற்கு ஒரு வழி சொல்லக்கூடாதா என்று கேட்டார்.

வழி பிறந்தது. ஹைட்ரஜன் குண்டு வேண்டாம் என்று கையெழுத்து வாங்கப் பெண்கள் வீடு வீடாகப் புறப்பட்டார்கள். 1955 ஆகஸ்டுக்குள் 3 கோடி பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டார்கள்!

கவனியுங்கள். அந்த அம்மாள் "மனித குலம்" என்று ஆரம்பிக்கவில்லை. "மீன் விற்கவில்லை" என்று ஆரம்பித்தார்.

இதை மட்டமாக நினைக்கிறவர்கள் உண்டு. வயிற்றுப் பாட்டுக்காகப் பேசினால் அது சுயநலமாம்! எனக்கு அப்படித் தோன்றவில்லை. அடுப்பில் உலை வைக்கிறவளுக்குத்தான் அரிசியில் கல் இருப்பது முதலில் தெரியும்.

மனச்சாட்சி குத்தியது

சிலருக்கு வயிறு சொன்னது. சிலருக்கு மனச்சாட்சி சொன்னது.

மேதை ஐன்ஸ்டீன் பெயரை அறியாதவர் இல்லை. 1939-ல் அவர் அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டுக்கு ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். ஹிட்லரின் ஜெர்மனி அணுகுண்டு செய்துவிடக்கூடும், நீங்கள் முந்திக்கொள்ள வேண்டும் என்பது கடிதத்தின் சாரம். குண்டு பிறந்தது. ஹிட்லருக்கு எதிராக அல்ல, ஜப்பான் மீது அது விழுந்தது. அந்தக் கையெழுத்தை நினைத்து ஐன்ஸ்டீன் பின்னாளில் மிகவும் வருந்தினார்.

இங்கிலாந்தில் பெர்ட்ரண்ட் ரசல் என்ற தத்துவ அறிஞர் இருந்தார். 1955-ல் அவர் ஒரு அறிக்கை எழுதினார். இனி ஒரு பெரும் போர் மூண்டால் மனித இனமே முடிந்துபோகலாம், உங்கள் நாடு, கட்சி எல்லாவற்றையும் மறந்து மனிதர்களாக யோசியுங்கள் என்று உலகத்தைக் கேட்டுக்கொள்ளும் அறிக்கை. அதை ஐன்ஸ்டீனுக்கு அனுப்பினார்.

பதில் வருவதற்கு முன், ரசல் விமானத்தில் பாரிசுக்குப் போய்க்கொண்டு இருந்தார். விமானி ஒரு செய்தியை அறிவித்தார். ஐன்ஸ்டீன் இறந்துவிட்டார்!

ரசல் இடிந்துபோனார். எல்லாம் போயிற்று என்று நினைத்து ஓட்டலுக்குப் போனார். அங்கே ஒரு கடிதம் காத்து இருந்தது. சாவதற்குச் சில நாட்கள் முன்பு ஐன்ஸ்டீன் கையெழுத்துப் போட்டு அனுப்பிய கடிதம்!

குண்டு செய்யச் சொன்ன கடிதத்தில் ஒரு கையெழுத்து. குண்டு வேண்டாம் என்ற அறிக்கையில் கடைசிக் கையெழுத்து.

அந்த அறிக்கையில் 11 பேர் கையெழுத்து இட்டார்கள். அவர்களில் இளையவர் ஜோசப் ராட்பிளாட். போலந்து நாட்டவர். அவர் அமெரிக்காவில் அணுகுண்டு செய்யும் வேலையில் இருந்தவர். ஹிட்லரை நிறுத்துவதற்காகவே அதில் சேர்ந்தார். 1944 கடைசியில், ஜெர்மனியிடம் குண்டு இல்லை என்பது அவருக்குத் தெரிந்தது. "அப்படியானால் நான் ஏன் இங்கே இருக்க வேண்டும்?" என்று வேலையை விட்டுவிட்டார். அவருடைய மனைவி போலந்தில் நாஜிகளிடம் சிக்கி மாண்டு போனார்.

இங்கிலாந்துக்குத் திரும்பிய ராட்பிளாட், அணு விஞ்ஞானத்தை மருத்துவத்துக்குத் திருப்பினார். 1957-ல் பல நாட்டு விஞ்ஞானிகளை ஒன்றாகக் கூட்டினார். அமெரிக்கர் வந்தார்கள். ரஷியர் வந்தார்கள். மொத்தம் 22 விஞ்ஞானிகள்.

அந்தக் கூட்டத்தை முதலில் டில்லியில் நடத்தத்தான் ஏற்பாடு. பிரதமர் நேரு அழைத்து இருந்தார். 1956-ல் சூயஸ் கால்வாய்ச் சண்டை வந்து காரியத்தைக் கெடுத்துவிட்டது. கடைசியில் கனடாவில், பக்வாஷ் என்ற சிறிய கடற்கரை ஊரில் கூடினார்கள். செலவை ஏற்றுக்கொண்டவர் சைரஸ் ஈட்டன் என்ற கோடீசுவரர். அவர் அந்த ஊரில் பிறந்தவர்!

ஊர்ப் பெருமையும் ஒரு காரணமாக இருந்துவிட்டுப் போகட்டுமே! வத்திராயிருப்புக்காரர்கள் கிருஷ்ணனைச் சொல்லும்போது நெஞ்சை நிமிர்த்துவது இல்லையா?

ராட்பிளாட்டுக்கும் அந்த விஞ்ஞானிகள் அமைப்புக்கும் 1995-ல் நோபல் சமாதானப் பரிசு கிடைத்தது. அவருக்கு அப்போது 86 வயது.

நம் நாட்டு விஞ்ஞானிகளும் சும்மா இருக்கவில்லை. குண்டு வெடித்தால் என்ன நடக்கும் என்று ஒரு புத்தகம் தயார் செய்யும்படி நேரு சொன்னார். டி.எஸ்.கோத்தாரி என்ற விஞ்ஞானி அதை உருவாக்கினார். 1956-ல் இந்திய சர்க்காரே வெளியிட்டது. அணுகுண்டு இல்லாத ஒரு நாடு, அணுகுண்டின் கொடுமையைக் கணக்குப் போட்டு உலகத்துக்குச் சொன்னது.

பால் பல் சொன்ன ரகசியம்

நம் ஊரில் குழந்தைக்குப் பால் பல் விழுந்தால் என்ன செய்வோம்? கூரை மேல் எறியச் சொல்வோம். புதுப் பல் நன்றாக முளைக்கும் என்று நம்பிக்கை.

அமெரிக்காவில் செயிண்ட் லூயி நகரத் தாய்மார்கள், 1958-ம் ஆண்டு கடைசியில் இருந்து, விழுந்த பல்லை விஞ்ஞானிகளுக்கு அனுப்பினார்கள். ஒன்றல்ல, இரண்டல்ல. சுமார் 3 லட்சம் பற்கள்! பல் கொடுத்த குழந்தைக்குச் சட்டையில் குத்திக்கொள்ள ஒரு வில்லை கிடைக்கும்.

எதற்காகப் பல்?

குண்டு வெடிக்கும்போது ஸ்டிரான்ஷியம்-90 என்ற நஞ்சு உண்டாகிறது. அது காற்றோடு உயரே போய், உலகம் எங்கும் பரவி, மழையோடு இறங்குகிறது. புல்லில் படுகிறது. புல்லை மாடு தின்கிறது. பாலில் வருகிறது. பாலைக் குழந்தை குடிக்கிறது. சுண்ணாம்புச் சத்து போகிற இடத்துக்கெல்லாம் இந்த நஞ்சும் போகும். எலும்பில் போய் உட்காரும். பல்லிலும் உட்காரும்.

பால்கோவாவுக்குப் பேர் போன ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியது இல்லை. பால் கெட்டால் எல்லாம் கெட்டது!

பல்லைச் சோதித்தார்கள். குண்டுச் சோதனைகள் கூடக்கூட, பல்லில் நஞ்சும் கூடி இருந்தது. எங்கோ பாலைவனத்திலும் கடலிலும் வெடித்தது, தொட்டில் வரை வந்துவிட்டது.

அந்தத் தாய்மார்களுக்கு உலக அரசியல் தெரிந்து இருக்க வேண்டிய அவசியம் இல்லை. தன் குழந்தையின் பல் தெரியும். அது போதுமாக இருந்தது.

83 வயதில் கடல் கடந்தவர்

இனி நம் தமிழ்நாட்டுக் கதைக்கு வருவோம்.

ராஜபாளையத்துக்காரரான பி.எஸ்.குமாரசாமி ராஜா 1949 முதல் 1952 வரை சென்னை ராஜ்யத்தின் முதல்-மந்திரியாக இருந்தார். அவருக்குப் பின் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர் ராஜாஜி. ராஜாஜிக்குப் பின் 1954 ஏப்ரலில் வந்தவர் விருதுநகர் காமராஜர். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நம் வட்டாரத்துக்காரர்கள். நடுவில் ராஜாஜி!

பிகினித் தீவில் குண்டு வெடித்தபோது ராஜாஜிதான் இங்கே முதல்-மந்திரி. அடுத்த மாதம் 2-ந்தேதி பாராளுமன்றத்தில் நேரு எழுந்தார். குண்டை ஒழிப்பது பற்றிப் பேசி முடிக்கும் வரையிலாவது சோதனைகளை நிறுத்தி வையுங்கள் என்று வல்லரசுகளைக் கேட்டார். சோதனையை நிறுத்தும்படி ஒரு நாட்டின் அரசாங்கம் வெளிப்படையாகக் கேட்ட முதல் குரல்களில் அது ஒன்று.

காலம் ஓடியது. ராஜாஜி 1959-ல் சுதந்திராக் கட்சியை ஆரம்பித்தார். நேருவை எதிர்த்து மேடை மேடையாகப் பேசினார். பொருளாதாரத்தில் இருவரும் எலியும் பூனையும்!

ஆனால் குண்டு விஷயத்தில் இருவரும் ஒரே பக்கம்.

1961 அக்டோபரில் ரஷியா 5 கோடி டன் வெடிமருந்துக்குச் சமமான குண்டை வெடித்தது. அதைவிடப் பெரிய குண்டை இதுவரை யாரும் வெடித்தது இல்லை. 1962-ல் அமெரிக்காவும் மறுபடி வானத்தில் வெடிக்கத் தொடங்கியது.

அந்த ஆண்டு ஜூன் மாதம் டில்லியில் காந்தி அமைதி நிறுவனம் அணு ஆயுத எதிர்ப்பு மாநாடு கூட்டியது. பெரிய நாடுகளுக்கு நேரில் போய்ச் சொல்ல வேண்டும் என்று முடிவாயிற்று. அமெரிக்காவுக்குப் போக மூன்று பேர். ராஜாஜி, ஆர்.ஆர்.திவாகர், பத்திரிகையாளர் பி.சிவராவ்.

ராஜாஜிக்கு அப்போது 83 வயது! கவர்னர் ஜெனரலாக இருந்தவர். ஆனாலும் அதுவரை மேல்நாட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தது இல்லை. மரக்கறி உணவு. பலவீனமான உடம்பு. குளிர் தேசம். வீட்டில் சாய்வு நாற்காலியில் இருந்திருக்கலாம். யார் கேட்கப்போகிறார்கள்?

போனார்.

1962 செப்டம்பர் 28-ந்தேதி வெள்ளை மாளிகையில் ஜனாதிபதி கென்னடியைச் சந்தித்தார். கென்னடிக்கு வயது 45. கிட்டத்தட்ட ராஜாஜியின் பேரன் வயது. பேச்சு குறித்த நேரத்தைத் தாண்டி நீண்டது. ராஜாஜி கோபப்படவில்லை. கெஞ்சவும் இல்லை. சண்டையில் சேராத நாடுகளின் காற்றையும் தண்ணீரையும் கெடுக்க யாருக்கு உரிமை என்பது அவருடைய வழக்கு. கேட்டவருக்கும் கோபம் வரவில்லை. இவ்வளவு தெளிவாக ஒருவர் வாதாடிக் கேட்டது அபூர்வம் என்று கென்னடி வியந்ததாகப் பின்னால் எழுதி இருக்கிறார்கள்.

ராஜாஜிக்கு என்ன லாபம்? ஓட்டு இல்லை. பதவி இல்லை. அந்த வயதில் தனக்காகப் பயப்பட என்ன இருக்கிறது? தான் நட்ட பனையில் நுங்கு தின்னப்போவது இல்லை என்று தெரிந்தே போனவர் அவர்.

ஒரு மாதம் கழித்து

ராஜாஜி கென்னடியைப் பார்த்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. உலகம் பாதாளத்தின் விளிம்புக்கே போய்விட்டது!

கியூபா தீவில் ரஷியா ஏவுகணைகளை வைத்து இருப்பது தெரிந்தது. அமெரிக்கக் கப்பல்கள் கியூபாவைச் சுற்றி நின்றன. அக்டோபர் 27-ந்தேதி கடலுக்கு அடியில் ஒரு ரஷிய நீர்மூழ்கிக் கப்பல் மாட்டிக்கொண்டது. அதை மேலே வரச் செய்ய அமெரிக்கக் கப்பல்கள் சிறு வெடிகளைப் போட்டன.

உள்ளே உலைக்களம்போல் சூடு. காற்று இல்லை. மாஸ்கோவோடு தொடர்பு இல்லை. மேலே யுத்தம் ஆரம்பித்துவிட்டதா என்றும் தெரியவில்லை. கப்பலில் ஒரு அணு ஆயுதம் இருந்தது. அதை ஏவித் தாக்கிவிடலாம் என்று காப்டன் கொதித்தார்.

ஒருவர் சம்மதிக்கவில்லை. அவர் வசீலி ஆர்க்கிப்போவ். பேசிப் பேசிக் காப்டனின் கோபத்தை அடக்கினார். கப்பல் அமைதியாக மேலே வந்தது. அந்தக் கப்பலில் உடன் இருந்த ஒரு அதிகாரி பல ஆண்டு கழித்து வெளியிட்ட செய்தி இது.

ஆர்க்கிப்போவ் யார்? அதற்கு முந்திய ஆண்டு, 1961-ல், வேறொரு நீர்மூழ்கிக் கப்பலில் இருந்தவர். அந்தக் கப்பலின் அணு உலை கெட்டுப்போனது. அதைச் சரி செய்ய உள்ளே போன வாலிபர்கள் சில வாரங்களுக்குள் துடிதுடித்துச் செத்தார்கள். அதைக் கண்ணால் கண்டவர் அவர்.

மீன் கடைக்கார அம்மாளுக்குச் சந்தை. தாய்மார்களுக்குப் பல். ஆர்க்கிப்போவுக்குத் தன் தோழர்களின் முகம். உலகத்தைக் காப்பாற்ற வேண்டும் என்ற எண்ணம் உலகப் படத்தைப் பார்த்து வரவில்லை. பக்கத்தில் இருந்த ஒருவரைப் பார்த்து வந்தது.

அடுத்த ஆண்டு, 1963 ஆகஸ்ட் 5-ந்தேதி, மாஸ்கோவில் ஒப்பந்தம் ஆயிற்று. வானத்திலும், விண்வெளியிலும், தண்ணீருக்கு அடியிலும் குண்டுச் சோதனை கூடாது. அமெரிக்கா, ரஷியா, இங்கிலாந்து கையெழுத்திட்டன. இந்தியாவும் அந்த மாதமே கையெழுத்து இட்டது.

ராஜாஜியால்தான் நடந்தது என்று நான் சொல்லமாட்டேன். அப்படிச் சொன்னால் அது கதை. கியூபாவில் கண்ட பயம், தாய்மார்களின் பல், விஞ்ஞானிகளின் வாதம், டோக்கியோ பெண்களின் கையெழுத்து என்று பல கைகள் சேர்ந்து இழுத்த தேர் அது. அதில் ஒரு கை, 83 வயதுத் தமிழரின் கை.

ஒப்பந்தத்துக்குப் பிறகு பிறந்த குழந்தைகளின் பல்லில் அந்த நஞ்சு குறைந்தது.

கசப்பான விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். பூமிக்கு அடியில் வெடிப்பதை அந்த ஒப்பந்தம் தடுக்கவில்லை. "நிறுத்துங்கள்" என்று முதலில் கேட்ட நம் நாடே, 1974-ல் பொக்ரானில் பூமிக்கு அடியில் அணு வெடிப்பு நடத்தியது. 1998-ல் மறுபடியும் நடத்தியது. அந்த மாதமே பாகிஸ்தானும் வெடித்தது. நாட்டின் பாதுகாப்புக்குத் தேவை என்று ஆதரித்தவர்கள் உண்டு. வருந்தியவர்களும் உண்டு. ராஜாஜி 1972 டிசம்பர் 25-ந்தேதி காலமானார். நேரு அதற்கு முன்பே போய்விட்டார். இருவரும் அதைப் பார்க்கவில்லை.

1983-ல் விஞ்ஞானிகள் இன்னொரு கணக்குப் போட்டார்கள். பெரிய அணு யுத்தம் வந்தால், எரிகிற நகரங்களின் புகை வானத்தில் ஏறி வெயிலை மறைக்கும். பூமி குளிரும். மழை குறையும். பயிர் விளையாது. குண்டு விழாத நாட்டிலும் பஞ்சம் வரும்.

அப்படி ஒரு நாள் வந்தால், மகாராஜபுரத்தில் யாரும் குண்டைப் பார்க்கமாட்டார்கள். சத்தம்கூடக் கேட்காது. மலை மேல் மேகம் வராது. பிளவக்கல் அணைக்குத் தண்ணீர் வராது. அவ்வளவுதான்.

டீக்கடையில் இருந்து திரும்பும்போது கண்மாய்க் கரையில் மறுபடியும் அந்தப் பெரியவரைப் பார்த்தேன். சாக்கு பாதி காலியாகி இருந்தது. நான் எதற்கு வந்தேன் என்று கேட்டார். சொன்னேன். ராஜாஜி போன கதையையும் சொன்னேன். கடப்பாரையை ஊன்றிக்கொண்டு கேட்டார்.

"அந்த வயசுல போனாரா?"

"போனார், ஐயா."

"இப்போ உலகத்துல அந்தக் குண்டு எத்தனை இருக்கு, தம்பி?"

"40 வருஷத்துக்கு முன்னால் 60 ஆயிரத்துக்கு மேல் இருந்தது. இப்போது சுமார் 12 ஆயிரம்."

பெரியவர் கொஞ்ச நேரம் யோசித்தார்.

"குறைஞ்சிருக்கே!" என்றார். பிறகு, "ஆனா 12 ஆயிரம்னா இன்னும் ரொம்பத்தான்" என்றார்.

சாக்கில் கையை விட்டு ஒரு கொட்டையை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"சும்மாதானே நிக்கிறீங்க? அந்தக் குழியில போடுங்க."

போட்டேன்.